பட்டியலில் இல்லாத ரயில்: சிங்கப்பூர் வட்டப்பாதையின் ரேடியோ குறுக்கீடு, 2016

2016 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. சிங்கப்பூரின் வட்டப்பாதை மெட்ரோவில் ரயில்கள் சுரங்கத்துக்குள் காரணம் தெரியாமல் நிற்கத் தொடங்கின. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரயில் திடீரென்று அவசர பிரேக் போடும். தொடர்பு திரும்பியதும் மறுபடி நகரும். கொஞ்ச நேரத்தில் வேறு இடத்தில், வேறு ரயிலுக்கு அதே கதி. அந்த வாரம் முழுக்க, செப்டம்பர் 2 வரை, இது தொடர்ந்தது. அப்புறம் தானாகவே அடங்கியது. நவம்பர் தொடக்கத்தில் மீண்டும் தலையெடுத்தது.

ரயில் ஏன் நிற்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ரயிலுக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நடுவே ஓடும் ரேடியோ தொடர்பு அறுந்துபோகிறது. அதை அறுப்பது எது என்பதுதான் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பிடிபடவில்லை. கடைசியில் விடையைக் காட்டிக்கொடுத்தது, பிரேக் போட்டு நின்ற ரயில்களின் பட்டியல். அது ஏற்கெனவே கையில் இருந்த பட்டியல்தான்.

நகர ரயில்களின் டிஜிட்டல் ரேடியோவைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்த நிகழ்வை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இங்கே கண்காணிப்பு இல்லாமல் இல்லை. பதிவுகளும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் பாதிக்கப்பட்ட ரயிலின் பெயர் மட்டுமே அந்தப் பதிவேட்டில் ஏறும். தொல்லை கொடுத்த ரயிலின் பெயர் ஏற அதில் இடமே கிடையாது.

பாதையும் அதன் ரேடியோவும்

வட்டப்பாதை முழுக்க நிலத்தடியில் ஓடுவது. 2009 மே 28 அன்று பார்ட்லிக்கும் மேரிமவுண்டுக்கும் இடையிலான முதல் பகுதி திறந்தது. 2012 ஜனவரியில் மரினா பே கிளையும் சேர்ந்தபோது நீளம் சுமார் 35.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30. மூன்று பெட்டி ரயில்கள். ஓட்டுநர் கிடையாது. 2016இல் அது பெயருக்குத்தான் வட்டம்; ஹார்பர்ஃபிரண்ட், தோபி காட், மரினா பே என்று முனைகள் இருந்த பாதை. ரயில் முனைக்குப் போய்த் திரும்பி வரும். 

ஒரு மெட்ரோவில் பொதுவாக இரண்டு வகை ரேடியோ உண்டு. ஒன்று பேச்சுக்கானது: கட்டுப்பாட்டு அறை, நிலைய ஊழியர்கள், பராமரிப்புக் குழுவினர் பேசிக்கொள்வது. உலகின் பல மெட்ரோக்களில் இதற்கு டெட்ரா என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாக வெட்டி நான்கு உரையாடல்களை அதில் அடக்கும் முறை அது. மற்றொன்று ரயிலை ஓட்டுவதற்கான தரவு ரேடியோ. வட்டப்பாதைச் சிக்கல் இந்த இரண்டாவதில் வந்தது.

தரவு ரேடியோவின் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஓயாமல் தெரிவிக்கும். தடத்தோரக் கணினி அந்தப் பகுதியில் ஓடும் எல்லா ரயில்களின் இருப்பிடத்தையும் பார்த்து, 'இந்தப் புள்ளி வரைக்கும் நீ போகலாம்' என்று ஒவ்வொரு ரயிலுக்கும் நகர்வு அனுமதி அனுப்பும். அடுத்த அனுமதி குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால், முன்னால் என்ன இருக்கிறது என்று ரயிலுக்குத் தெரியாது. தெரியாத நிலையில் அது செய்யக்கூடிய ஒரே காரியம் நிற்பது. சில வினாடி மௌனம் போதும், அவசர பிரேக் விழுந்துவிடும்.

அதனால் வட்டப்பாதையில் பாதுகாப்பு குலைந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். செய்தி வரவில்லை, ரயில் நின்றது. அமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொண்டது. அதே சமயம், பிரேக் விழும் வரை அந்தத் தொடர்பு எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பது இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வெளியே தெரியாது. ஒரு ரயில் அறுபது செய்திகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் இருபதைத் தவறவிட்டாலும், வரம்பைத் தாண்டாத வரை பயணிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

முதலில் தேடிய இடங்கள்

தொடர்பை எதுவோ கெடுக்கிறது என்றதும் விசாரணையாளர்களின் பார்வை வெளியே போனது இயல்பானதே. அதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. 2012 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் மெட்ரோவில் ரயில்கள் இதேபோல அவசர பிரேக் போட்டு நின்றன. அங்கே ரயில் கட்டுப்பாட்டுத் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் போனது. அது உரிமம் இல்லாமல் எவரும் பயன்படுத்தக்கூடிய அலைப்பகுதி. வைஃபை, புளூடூத் எல்லாம் புழங்கும் இடம். பயணிகள் கையில் வைத்திருந்த சிறிய வைஃபை கருவிகளே ரயிலின் ரேடியோவுக்கு இடையூறு செய்தன. பின்னாளில் சீனா, நகர ரயில் உள்ளிட்ட தனி வலையமைப்புகளுக்காக 1785 முதல் 1805 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை ஒதுக்கி, மெட்ரோக்களை அங்கே கொண்டுபோனது.

சிங்கப்பூரிலும் வெளி அலைகள் மீதான சந்தேகம் தீவிரமாகவே சோதிக்கப்பட்டது. பாதையை நடத்தும் எஸ்எம்ஆர்டி, நிலப் போக்குவரத்து ஆணையம், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பு, தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பு ஆகியவற்றின் பொறியாளர்கள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் வட்டப்பாதையில் கைபேசிச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தியும் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெட்ரோவில் இதைச் செய்வது சாதாரண முடிவு இல்லை. பயணிகளின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு சாத்தியத்தை நேரடியாகச் சோதித்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் இந்த வகைத் தேடலில் ஒரு சிரமம் இருக்கிறது. அலைமானியை ஒரு நிலையத்தில் வைத்து அளந்தால், அந்நிய அலை இருந்தால் தெரியும். ரயிலின் சொந்த அலைப்பகுதியில் சக்தி தெரிந்தாலோ, அது அங்கே இருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ரயில்கள் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தப்பும் தவறுமாகப் பேசுகிறது என்பதை அலையின் வலிமையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ரயிலும் ஓரிடத்தில் நிற்பதில்லை; கோளாறோ வருவதும் போவதுமாக இருக்கிறது. அளக்கப் போனவர் நிற்கும் நிலையத்தை அது கடந்துபோக ஒரு நிமிடம் ஆகாது.

நான்கு பத்திகள் கொண்ட பட்டியல்

நவம்பர் 5, சனிக்கிழமை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் சிலரிடம் ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. எஸ்எம்ஆர்டி தொகுத்தது. ஒவ்வொரு அவசர பிரேக்குக்கும் நாளும் நேரமும், இடம், ரயிலின் எண், அது போய்க்கொண்டிருந்த திசை. அவ்வளவுதான். ரேடியோவில் என்ன செய்தி போனது என்று ஒரு எழுத்தும் அதில் இல்லை. மொத்தம் 259 நிகழ்வுகள்.

அவர்கள் பைத்தான் என்ற நிரல்மொழியில் முதலில் வழக்கமான படங்களை வரைந்தார்கள். எந்த நேரத்தில் அதிகம்? நாள் முழுக்கப் பரவியிருந்தது. நெரிசல் நேரத்தில் கூடுதல், மற்ற நேரத்தில் குறைவு. எந்த இடத்தில்? பாதை முழுக்கப் பரவியிருந்தது. மேற்குப் பக்கம் கொஞ்சம் கூடுதல். எந்த ரயில்? ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டவை.

இந்த மூன்று படங்களும் எதையும் சொல்லவில்லை என்றே முதலில் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. நெரிசல் நேரத்தில் பாதையில் ரயில்கள் அதிகம். எனவே அடிபடக்கூடியவையும் அதிகம். அதனால் நேரப் படம் உண்மையிலேயே அதிகம் பேசுவதில்லை. இடப் படம் பேசுகிறது: குறுக்கீடு ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஒரு கருவியிலிருந்து வந்தால், அந்த இடத்தைச் சுற்றி நிகழ்வுகள் குவிய வேண்டும். குவியவில்லை. ரயில் படம் இன்னும் முக்கியமானது, ஏமாற்றுவதும் அதுதான். பல ரயில்கள் அடிபடுகின்றன என்பதைப் பார்த்ததும், 'அப்படியென்றால் கோளாறு ரயிலில் இல்லை, வெளியே இருக்கிறது' என்று மனம் முடிவுகட்டிவிடும். அந்தப் பட்டியலிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. அடிபட்ட ரயில்களில் கோளாறு இல்லை என்பது வரைக்கும்தான் சொல்ல முடியும். அடிபடாத ரயில்களைப் பற்றிப் பட்டியல் வாயே திறக்கவில்லை.

சாய்ந்த கோடு

அடுத்த படிதான் இந்த ஆய்வின் உயிர். நேரத்தையும் இடத்தையும் தனித்தனியாக வரையாமல் ஒரே தாளில் வரைந்தார்கள். ஒரு அச்சில் நேரம், இன்னொரு அச்சில் நிலையங்கள் வரிசையாக. ரயில்வே நேர அட்டவணை போடுபவர்களுக்கு இது நூறு வருடத்துக்கும் மேலாகப் பழகிய படம். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிவியலாளர் எட்டியென்-ஜூல் மாரேயின் பெயரால் இதை மாரே வரைபடம் என்கிறார்கள். இதில் ஓடும் ரயில் ஒரு சாய்கோடு. நேரத்தைப் படுக்கை அச்சில் வைத்தால், கோடு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ ரயிலுக்கு அவ்வளவு வேகம். நிலையத்தில் நிற்கும் ரயில் படுக்கைக் கோடு.

பிரேக் நிகழ்வுகளை இந்தத் தாளில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். மையக் கணினியோ பொதுவான வலையமைப்போ தடுமாறினால், பாதை நெடுகப் பல ரயில்கள் ஒரே நேரத்தில் நிற்கும். புள்ளிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் நிலையாக உள்ள கருவி கெடுத்தால், அந்த இடத்தில் நேரம் போகப் போக ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளிகள் படுக்கை வரிசையில் விழும். கெடுக்கும் பொருளே நகர்ந்துகொண்டிருந்தால் வரிசை சாயும். அந்தச் சாய்வு மெட்ரோ ரயிலின் வேகத்தோடு ஒத்துப்போனால், நகர்வது வேறு எதுவாக இருக்க முடியும்?

வட்டப்பாதைப் புள்ளிகள் சாய்வாகத்தான் விழுந்திருந்தன. ஒரு ரயில் நிற்கும். சற்று நேரத்தில் அதே திசையில் அதற்குப் பின்னால் வரும் ரயில் நிற்கும். அப்புறம் அதற்கும் பின்னால் வருவது. பாதிப்பு, பாதிக்கப்பட்ட ரயில்கள் போகும் திசைக்கு எதிர்த் திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர்த் தடத்தில் ஏதோ ஒன்று போகிறது, வழியில் எதிர்ப்படும் ரயில்களை எல்லாம் நிறுத்திக்கொண்டே போகிறது.

எதிர்த் திசை ரயில்கள் ஏன் என்று கேட்டால், இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரே திசையில் ஓடும் ரயில்களுக்கு இடையே அமைப்பே இடைவெளி விட்டு வைத்திருக்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், முன்னால் போவதும் பின்னால் வருவதும் எப்போதும் கிட்டத்தட்ட நாலு நிமிடத் தொலைவிலேயே இருக்கும். எதிரே வருபவையோ நெருங்கி வந்து கடந்துபோகும், அதுவும் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில். இரு தரப்பும் ஒரே வேகத்தில் ஒன்றையொன்று நோக்கி ஓடுவதால் சந்திப்பு இடைவெளி பாதியாகிவிடுகிறது. குறுகிய தூரத்துக்குள் மட்டும் கேடு செய்யும் ரயில் ஒன்று இருந்தால், அது அதிகமாகத் தொடப்போவது எதிரே வருபவற்றைத்தான்.

அந்த ரயில் மட்டும் ஏன் பிரேக் போடவில்லை? அதன் சொந்தத் தொடர்புக்குக் குறைவில்லை. அதனால் அது பட்டியலில் ஏறவே இல்லை. பட்டியலில் இருந்தவர்களை விசாரித்தார்கள். விசாரிக்க வேண்டியவரோ பட்டியலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்.

73 சதவீதம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

கண்ணுக்குத் தெரிந்த கோலத்தை எண்ணாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டோமோ என்ற சந்தேகம் போகாது. வட்டப்பாதையில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு நடுவே ஓட இரண்டு முதல் நான்கு நிமிடம் ஆகும். அதை வைத்து, நகரும் ஒரே ரயில் காரணமாக இருக்கக்கூடிய அளவுக்கு நேரத்திலும் இடத்திலும் நெருங்கிய பிரேக் நிகழ்வுகளை ஜோடி சேர்த்தார்கள். அ-வும் ஆ-வும் ஜோடி, ஆ-வும் இ-யும் ஜோடி என்றால் மூன்றும் ஒரே குழு. கணினி அறிவியலில் இப்படிக் குழு சேர்ப்பதற்கென்றே எளிய தரவுக் கட்டமைப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினார்கள். 259இல் 189 நிகழ்வுகள், அதாவது 73 சதவீதம், 'ஒரு ரயில்தான் காரணம்' என்ற கருதுகோளுக்குள் அடங்கின.

இந்த எண்ணைப் பலர் நிரூபணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. ஒரே வாரத்தில் நிகழ்வுகள் குவிந்திருக்கும்போது, எந்தத் தொடர்பும் இல்லாத நிகழ்வுகள்கூடச் சில நிமிட இடைவெளியில் தற்செயலாக அடுத்தடுத்து விழும். அவையும் ஜோடி சேரும், ஜோடிகள் சங்கிலியாகும். இதே போன்ற வேலையைச் செய்ய முனைபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நிகழ்வுகளின் நேரத்தை அந்தந்த நாளுக்குள்ளேயே கலைத்துப்போட்டு, அதே விதியால் மறுபடி குழு சேர்த்துப் பாருங்கள். பல தடவை கலைத்துப் பார்க்கும்போது தற்செயலாக எத்தனை சதவீதம் அடங்குகிறது என்று தெரியும். கிடைத்த எண் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான ஆதாரம். வட்டப்பாதை வழக்கில் 73 சதவீதத்தின் பயன் வேறு. எங்கே, எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அது கைகாட்டியது.

கேமரா, பணிமனை, ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

இப்போது நேரமும் இடமும் கையில் இருக்கின்றன. ரயிலின் பெயர்தான் இல்லை. விசாரணைக் குழுவினர் நிலையங்களில் ரயில்கள் வந்துபோகும் காணொளிப் பதிவுகளை எடுத்து, சம்பவ நேரங்களில் எதிர்த் தடத்தில் எந்த ரயில் கடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அலுப்பூட்டும் வேலை. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பில் அதற்குள்ள பங்கை வரைபடத்தின் அழகு மறைத்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப ஒரே ரயில் அகப்பட்டது: பிவி 46.

நவம்பர் 6, ஞாயிறு. நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து பிவி 46ஐப் பாதையில் விட்டார்கள். அருகில் இருந்த ரயில்களின் தொடர்பு அறுந்தது, அவசர பிரேக் விழுந்தது. அன்று பிவி 46 வெளியே வருவதற்கு முன் அப்படி ஒரு நிகழ்வுகூட நடக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை நிரூபணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு காரணத்தை வைத்துப் பார்த்து, எடுத்துப் பார்த்து, விளைவு கூடவே வருகிறதா போகிறதா என்று அறிவது. ஒரு முழுச் சோதனை இரண்டு மாதம் கழித்துச் சாத்தியமானதற்குக் காரணம், எந்த ரயிலை விட வேண்டும் என்று தெரிந்ததுதான்.

அடுத்த நாள், பிவி 46 எப்போது எங்கே இருந்தது என்ற பழைய இருப்பிடப் பதிவுகளோடு எல்லா நிகழ்வுகளையும் ஒப்பிட்டார்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான நிகழ்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரே ரயிலோடு பொருந்தின. செப்டம்பர் 1 போன்ற நாட்களில் பொருத்தம் மிகத் தெளிவாக இருந்தது: பிவி 46 ஓடிய நேரத்தை ஒட்டியே குறுக்கீடு, அது ஓடாத நேரத்தில் அமைதி. நவம்பர் 11 அன்று ஆணையமும் எஸ்எம்ஆர்டியும் கூட்டாக முடிவை அறிவித்தன. அந்த ரயிலின் சமிக்ஞை வன்பொருளில் விட்டு விட்டு வந்த கோளாறு; அதனால் அது தவறான சமிக்ஞைகளை வெளிவிட்டு, பக்கத்து ரயில்களின் தொடர்பைக் கெடுத்தது.

73க்கும் 95க்கும் நடுவே உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் எண், பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. இரண்டாவது, கெடுத்த ரயிலின் இருப்பிடமும் சேர்ந்த பிறகு வந்தது. தனித்து நின்ற ஒற்றை நிகழ்வுகளுக்கு முன்னும் பின்னும் ஜோடி இல்லாததால் முதல் கணக்கில் அவை உதிரிகளாகக் கிடந்தன. பிவி 46இன் பாதையைத் தாளில் வரைந்ததும் அவையும் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. இரண்டாவது கணக்குக்கு வேண்டிய இருப்பிடப் பதிவு ஆகஸ்டிலும் இருந்திருக்கிறது. பிரேக் பட்டியலின் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம்தான் இல்லை.

கண்காணிப்பில் எது சேர வேண்டும்

தனி அலைப்பகுதி கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் சொல்லலாம். ஷென்ஜென் போன்ற வழக்குக்கு அது சரியான மருந்து. அந்நியர்களை வெளியே நிறுத்தும். பிவி 46 அந்நியர் இல்லை. எந்த அலைப்பகுதிக்குப் போனாலும் அதுவும் கூடவே, உரிமத்தோடு, உள்ளே வரும். ஆகவே உரிமமும் குறியாக்கமும் எவ்வளவு வலுவாக இருந்தாலும், சொந்த ரயில்களின் அலைபரப்பைத் தனியே கண்காணித்தாக வேண்டும்.

குறியாக்கம் பற்றி ஒரு வார்த்தை. மெட்ரோ ரேடியோ கண்காணிப்பு என்றாலே உள்ளே பேசுவதை ஒட்டுக்கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்திலும் கவலைப்பட விஷயம் உண்டு. 2023இல் நெதர்லாந்தின் மிட்நைட் புளூ நிறுவனத்தினர், டெட்ராவின் டீ-இ-ஏ-1 என்ற குறியாக்கத்தில் 80 பிட் சாவி உள்ளே வெறும் 32 பிட்டாகச் சுருக்கப்படுவதை வெளிப்படுத்தினார்கள். சாதாரணக் கணினியாலேயே உடைக்கக்கூடிய பலவீனம் அது. அதைச் சரிசெய்வது அந்த ரேடியோவை வைத்திருப்பவர்களின் கடமை. ஆனால் வட்டப்பாதையில் தேவைப்பட்ட கண்காணிப்புக்குச் செய்தியின் உள்ளடக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. யார், எப்போது, எங்கே, எதிர்பார்த்தது வந்ததா வரவில்லையா என்பது மட்டும் போதும். அதனால் 'எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டவை, எங்களால் எதையும் பார்க்க முடியாது' என்ற பதிலை ஒரு மெட்ரோ நிர்வாகம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பிரேக் விழுந்த பிறகு எழுதும் பதிவு தாமதமான பதிவு. ஒவ்வொரு ரயிலும் தனக்கு வந்த அலையின் வலிமையையும், தவறவிட்ட, திரும்பக் கேட்டு வாங்கிய செய்திகளின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தோடு சேர்த்து ஓயாமல் எழுதிவைக்க வேண்டும். இந்த எண்கள் ரயிலின் ரேடியோவுக்குள் ஏற்கெனவே பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் யாரும் எடுத்துச் சேமிப்பதில்லை. சேமித்தால், வரம்பைத் தாண்டி ஒரு ரயில் நிற்பதற்கு முன்பே, ஒரு குறிப்பிட்ட ரயில் பக்கத்தில் வரும்போதெல்லாம் மற்றவற்றின் தொடர்பு மெலிவது தெரிந்துவிடும்.

இன்னொன்று, அனுப்பும் பக்கம். நிலையங்களிலும் பணிமனை வாசலிலும் கேட்க மட்டும் செய்யும் அலைவாங்கிகளை நிரந்தரமாக வைத்து, கடந்துபோகும் ஒவ்வொரு ரயிலும் எவ்வளவு வலிமையில், எந்த அலைவரிசையில், தனக்கு ஒதுக்கிய நேரத்தில்தானா பேசுகிறது என்று எண்ணோடு பதிய வேண்டும். ரயில் ஒரு நாளில் பல தடவை கடக்கும். விட்டு விட்டு வரும் கோளாறு பணிமனை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஒளிந்துகொள்ளும். மாதக்கணக்கில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் காதிடம் அது அவ்வளவு சுலபமாக ஒளிய முடியாது. இதில் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பது மிக அவசியம். பிரேக் பதிவும் கேமராவும் அலைவாங்கியும் ஆளுக்கொரு நேரம் காட்டினால், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் எதிர்ப்படும் பாதையில் தவறான ரயிலைத்தான் பிடிப்போம்.

பொருந்தாத அந்த ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிய நிகழ்வுகள், சாதாரண நிலையிலும் எப்போதாவது நேரும் தொடர்பு இழப்புகளாக இருக்கலாம் என்று கருதப்பட்டன. சாதாரணம் என்று ஒன்று இருக்கிறது என்றால் அதன் அளவை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்: கோளாறு இல்லாத ஒரு மாதத்தில், ஓடிய ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் எத்தனை இழப்பு? அந்த அளவுகோல் கையில் இருந்தால் முதல் நாள் மாலையே 'இது வழக்கத்தைவிட இத்தனை மடங்கு' என்று சொல்லிவிடலாம்.

அதன் பிறகு செய்ய வேண்டிய கணக்குக்கு மாரே வரைபடம்கூடத் தேவைப்படாது. பாதையில் உள்ள எல்லா ரயில்களின் இருப்பிடப் பதிவையும் பிரேக் பட்டியலோடு இணைத்து, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: மற்ற ரயில்கள் அடிபட்ட தருணங்களில் எத்தனை முறை நீ பக்கத்தில் இருந்தாய்? கிடைத்த எண்ணிக்கையை, அந்த ரயில் ஓடிய நேரத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையால் வகுத்து, வரிசைப்படுத்த வேண்டும். ஒரே நாள் தரவில் தேடினால் ஒரு குழப்பம் வரும். கெட்ட ரயிலுக்கு அடுத்த ரயிலாக நாள் முழுக்க ஓடியதும் கிட்டத்தட்ட அதே இடங்களைக் கடந்திருக்கும், அதன் பெயரும் மேலே ஏறிவிடும். மறுநாள் பணிமனையிலிருந்து ரயில்கள் வேறு வரிசையில் கிளம்பும்போது அப்பாவி கீழே இறங்கும், காரணமானது மேலேயே நிற்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 2 வரை சேர்ந்த பதிவுகளே இதற்குப் போதுமானவையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.